வண்டிக்காரர் வாயில் திருச்சி சுருட்டு

பிரான்ஸின் பர்கண்டி வைனுக்கு விலை வைப்பது திராட்சை விளைந்த மண்ணின் பெயர். கையில் அளவான காசோடு நல்ல சரக்கு தேடுபவர், பேர்போன கிராமத்தை விட்டு அடுத்த கிராமத்துக்குத்தான் நகர வேண்டும். திருச்சி சுருட்டின் கணக்கு வேறு. புகையிலை பெரும்பாலும் திண்டுக்கல் பக்கம் விளைந்தது. சுருட்டியவை திருச்சி உறையூர்க் கைகள். பேர் திருச்சிக்கு. இங்கே பேரை வாங்கித் தந்தது மண் அல்ல, கைவேலை. அந்தக் கைவேலைக்கும் கூலி சொற்பம்தான். இரு முனையும் திறந்த சுருட்டு என்பதால் முனையை வெட்டும் கத்திகூடத் தேவைப்படவில்லை. பேரும் மலிவும் சேர்ந்தே கப்பலேறியது இப்படித்தான் என்பேன்.

1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கருத்துச் செதில் செதிலாக உதிர்ந்த சாம்பலை வைத்தே அது திருச்சி சுருட்டு என்கிறார் ஹோம்ஸ். பிடித்தவர் லண்டனில் குதிரைவண்டி ஓட்டுபவர். கதை விலைப்பட்டியல் ஆகுமா என்று கேட்கலாம். ஆகாதுதான்; ஆனால் வண்டிக்காரர் வாயில் விலையுயர்ந்த ஹவானா சுருட்டை வைத்திருந்தால் அன்றைய வாசகர் நம்பியிருக்க மாட்டார். மலிவென்றால் மட்டம் என்பாருக்கும் அந்தச் சாம்பலே பதில்: அடையாளமற்ற சரக்கு துப்பறிவாளருக்குப் பயன்படாது. சர்ச்சில் விரும்பிப் பிடித்தார் என்று ஊரில் பெருமை பேசுவார்கள். பேசட்டும், அவர் பெயரில் இன்று விற்கும் நீளச் சுருட்டு ஹவானா வகை. திருச்சிக்கு வண்டிக்காரரே வலுவான சாட்சி.