பின்கோடு முன்னாலா, பின்னாலா?



பாரிசில் இருக்கும் அக்கா மகன் குடியுரிமை விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழின் அசல் வேண்டும் என்றான். அனுப்பினேன். ஒன்றரை மாதம் கழித்து, 'இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை' என்று பிரெஞ்சில் முத்திரை குத்தி, கதிர்காமத்துக்கே திரும்பி வந்துவிட்டது. அவனுக்குக் கொடுத்த கெடுவும் தாண்டிவிட்டது.

கதவு எண், வீதி, ஊர் எல்லாம் சரிதான். முப்பது வருஷம் கரும்பலகையில் 'அனுப்புநர், பெறுநர்' எழுதிப் போட்ட வாத்தியார் ஆயிற்றே! தப்பு பெயரில் இருந்தது. பிரான்சு அடுக்குமாடிகளில் பெரும்பாலும் வீட்டுக்குத் தனி எண் எழுதுவதில்லை. கீழே தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் போடுவார். அவன் பெட்டியில் இருப்பது அவன் அப்பா பெயர். நானோ அதை நம் வழக்கப்படி ஓர் இனிஷியலாகச் சுருக்கிவிட்டேன்.

இந்தக் குடும்பப் பெயர் விவகாரம் புதுச்சேரிக்குப் பழையது. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, தங்கள் சமய, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டியிருந்தது. 'ரெனோன்சான்' என்பார்கள். நம்மூரில் சில தமிழ்க் குடும்பங்களுக்குப் பிரெஞ்சுப் பெயர் இருப்பது இதனால்தான்.

எண் சமாச்சாரம் இன்னும் வேடிக்கை. 1972-இல்தான் பிரான்சு ஐந்து இலக்க எண்ணுக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15-இல் நம் ஆறு இலக்க பின்கோடு வந்தது. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்தது. அவர்கள் ஊருக்கு முன்னால் '75018 பாரிஸ்' என்று எழுதுவார்கள். நாம் பின்னால் 'புதுச்சேரி – 605009' என்கிறோம். அவர்கள் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பொதுவாக மாவட்டத்தைக் காட்டும். நம் எண்ணோ தபால் போகும் வழியைத்தான் பார்க்கும். காரைக்கால் 609602 தமிழ்நாட்டு வரிசை, மாகே 673310 கேரள வரிசை, ஏனாம் 533464 ஆந்திர வரிசை. ஒரே அரசாங்கம்தான், ஆனால் பிரெஞ்சுக்காரன் சேர்த்து ஆண்டதைத் தபால்காரர் அவரவர் பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டார்!

(இன்னொன்று: 'ரூ துய்மா வீதி' என்று எழுதாதீர்கள். ரூ என்றாலே வீதிதான்.)

அவன் இன்னொரு தேதி வாங்கியிருக்கிறான். அப்பா பெயரை முழுசாக, பெரிய எழுத்தில் எழுதி நேற்று மறுபடி அனுப்பினேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் பெட்டியில் என்ன பெயர் ஒட்டியிருக்கிறது என்று இன்றைக்கே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.