வாசலில் நின்ற துணைவினைகள்

தமிழ்நாட்டில் ஆங்கிலம் கற்ற பெரும்பாலோர் ‘மே’ என்னும் துணைவினையை முதன்முதலில் ஒரு வாசலில் நின்றுதான் சொல்லியிருப்பர். வகுப்பு தொடங்கிவிட்டது, ஆசிரியர் உள்ளே இருக்கிறார், காலந்தாழ்த்தி வந்த சிறுவன் நிலைப்படியருகே நின்று ‘மே ஐ கம் இன், சார்?’ என்கிறான். அது நான்கைந்து சொற்கள் சேர்ந்த வாக்கியம் என்பதை அறியாமல், கதவு திறக்கும் மந்திரம்போல ஒரே மூச்சில் சொல்லித் திரிந்தவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. ‘கேன் ஐ’ என்று தொடங்கினால் சில ஆசிரியர்கள் விடமாட்டார்கள். “வருவதற்குத்தான் கால் இருக்கிறதே, அதை ஏன் என்னிடம் கேட்கிறாய்?” என்பார்கள். ‘கேன்’ ஆற்றலுக்கு, ‘மே’ அனுமதிக்கு, ‘மஸ்ட்’ கட்டாயத்துக்கு என்று கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள்.

‘ஷல்’தான் எல்லாரையும் குழப்பியது. தன்மையில் ‘ஷல்’, முன்னிலையிலும் படர்க்கையிலும் ‘வில்’. கட்டளையிடும்போது இவ்விரண்டும் இடம் மாறும் என்பது விதி. ரென், மார்ட்டின் இருவரின் இலக்கண நூலை உருப்போட்டவர்களுக்கு இது நினைவிருக்கும். இவ்விதியை 1653இல் எழுதிவைத்தவர் ஜான் வாலிஸ் என்னும் ஆங்கிலேயர். கணித அறிஞரான அவர் தம் இலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதினார். ஆங்கிலேயரே தம் அன்றாடப் பேச்சில் முழுமையாகப் பின்பற்றாத ஒரு விதியை மதுரைப் பள்ளிகளில் பிரம்புக்கு அஞ்சி நாம் பின்பற்றினோம்.

இச்சொற்களின் பழம்பொருளைத் தோண்டினால் சுவையான செய்திகள் கிடைக்கின்றன. ‘கேன்’ முற்காலத்தில் அறிதலைக் குறித்தது, ‘மே’ வலிமையை. ‘ஷல்’ என்பதன் வேர்ப்பொருள் கடன்பட்டிருத்தல். அதன் உறவுச்சொல்லான ‘ஷுல்ட்’ ஜெர்மன் மொழியில் இன்றும் கடனையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கிறது. தமிழிலும் இதே கதைதான். ‘வேண்டும்’ என்பது விரும்புதலில் பிறந்தது. ‘செய்யலாம்’ என்பதிலுள்ள ‘ஆம்’, ஆகும் என்பதன் குறுக்கம். ‘கூடாது’ என்றால் ஒன்றுசேராது என்பதே முதற்பொருள். ‘மாட்டு’ என்னும் வினைக்கு வல்லமை என்ற பொருள் இருந்தது. இன்று மறுப்பில் மட்டுமே அது உயிர்வாழ்கிறது. ஆங்கிலத்தில் ‘ஹீ கேன்’ என்பதில் படர்க்கை ஒருமைக்குரிய ‘ஸ்’ ஒலி சேராததுபோல, தமிழில் ‘வேண்டும்’ என்பதில் திணை, பால், இடம் காட்டும் விகுதி இல்லை. ஆறுமுக நாவலர் தம் இலக்கணச் சுருக்கத்தில் வேண்டும், தகும், படும் என்னும் மூன்றையும் இருதிணை ஐம்பால் மூவிடத்துக்கும் பொதுவாக வருவனவென்று தனியே பிரித்துக் காட்டியிருக்கிறார்.

விகுதி இல்லாத சொல்லுக்கு ஒரு வசதி உண்டு. யார் செய்ய வேண்டும், யார் செய்யலாம் என்பதைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். ‘கோயிலுக்குள் போகலாம்’ என்பதில் போகிறவர் யார், அனுமதி தருபவர் யார் என்ற இரண்டுமே மறைந்துவிடுகின்றன. மதுரைச் சீமையில் அரை நூற்றாண்டுக் காலம் மக்கள் போராடியது இந்த மறைந்த எழுவாய்க்காகத்தான் என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. வகுப்பறை வாசலிலிருந்து கோயில் வாசலுக்கு நாம் வருவது இக்காரணம்பற்றியே.

கதை கமுதியில் தொடங்குகிறது. அன்று அவ்வூர் மதுரை மாவட்டத்தில் இருந்தது. இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910இல். அங்கும் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில் ஒன்று உண்டு. 1897 மே மாதம் நாடார்கள் சிலர் அக்கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதியின் பெயரால் மதுரையில் வழக்குத் தொடரப்பட்டது. 1899இல் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக வந்தது. 1901இல் சென்னை உயர்நீதிமன்றமும் 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதிசெய்தன. விவேகானந்தரைச் சிக்காகோவுக்குச் செல்லத் தூண்டியவர்களுள் ஒருவர் இதே சேதுபதி. வரலாற்று மனிதர்களை ஒரே நிறத்தில் தீட்டிவிட முடிவதில்லை.

அந்த வழக்கில் ‘கூடாது’ என்று சொன்னது எந்தச் சட்டமன்றமும் அன்று. வழக்கம் சொன்னது, நீதிமன்றங்கள் அதற்கு முத்திரை குத்தின. எழுதப்படாத கூடாதுக்கு எழுத்து வடிவம் கிடைத்தது அப்போதுதான்.

1939 ஜூலை 8ஆம் நாள் காலை அ. வைத்தியநாத ஐயர் அறுவரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். ஐவர் அன்று அரிசனங்கள் எனப்பட்டோர், ஒருவர் நாடார். ஐவருள் ஒருவர், மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்து பின்னாளில் அமைச்சரான கக்கன். கோயில் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். கமுதி வழக்கில் தோற்ற சமூகத்தவர் ஒருவரும் அந்த அறுவருள் இருந்ததை இந்நிகழ்ச்சியைப் பேசுவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

அன்று காலை அவர்கள் உள்ளே செல்ல இடந்தரும் சட்டம் எதுவும் மதுரையில் இல்லை. மலபாருக்கு மட்டும் 1938இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. திருவிதாங்கூரில் 1936இல் மகாராஜாவின் பிரகடனம் வந்திருந்தது. அது மன்னர் தம் ஆளுகைக்குட்பட்ட கோயில்களுக்கு இட்ட ஆணை. மதுரையிலோ ஆணையும் இல்லை, அனுமதியும் இல்லை. பட்டர்களுள் ஒரு சாரார் பூசை செய்ய மறுத்தனர்; எதிர்த்தவர்கள் நீதிமன்றப் படியேறினர். கமுதித் தீர்ப்பு கையிலிருக்க, அவர்கள் நம்பிக்கையோடு ஏறியிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. இராஜாஜி அரசு விரைந்தது. கோயிலைத் திறந்துவிட்டவர்கள்மீது வழக்கு வராமல் காக்க முதலில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. பின்னர் ஆலயப் பிரவேசச் சட்டம் 1939ஆம் ஆண்டின் 22ஆம் சட்டமாக வந்தது.

அச்சட்டத்தின் ஆங்கில வாசகத்தைப் படிக்கும்போது நம் கண் ஒரு சொல்லில் நின்றுவிடுகிறது. ‘மே’. வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று கோயிலின் அறங்காவலர் கருதினால், மாகாண அரசின் ஒப்புதலோடு அவர் கோயிலைத் திறந்துவிடலாம் என்கிறது அது. இந்த ‘லாம்’ யாருக்குரியது? வாசலில் நிற்பவருக்கன்று, சாவி வைத்திருப்பவருக்கு. பள்ளிச் சிறுவனின் ‘மே ஐ’ கூடத் தன்னை எழுவாயாகக் கொண்டது. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘மே’யில் தாழ்த்தப்பட்டவர் எழுவாயே அல்லர், யாருக்காகக் கதவு திறக்கப்படுகிறதோ அந்த ‘வகுப்பினர்’ மட்டுமே. திறக்காமல் இருப்பதற்கும் அதே ‘மே’ இடங்கொடுத்தது. இதைக் கண்டு இராஜாஜியை நாங்கள் பழிக்கவில்லை. நடந்துவிட்ட ஒன்றைக் காப்பாற்றும் அவசரம் அவருக்கு இருந்தது. வைதிகர்களின் எதிர்ப்பும் சிறிதன்று. ஆனால் அச்சட்டத்தை ‘எல்லாரும் நுழையலாம் என்ற சட்டம்’ என்று தமிழில் சொல்லும்போது, மேலே கண்ட மறைந்த எழுவாய் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

1934இல் மதுரைக்கு வந்தும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்லாத காந்தி, 1946 பிப்ரவரியில் உள்ளே சென்று வணங்கினார். அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்தில் புதிய சட்டம் வந்தது. 1947ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம். அதன் மூன்றாம் பிரிவில் வாக்கியம் தலைகீழாகிவிட்டது. மாறான சட்டமோ வழக்கமோ எதுவாயினும், விலக்கப்பட்ட வகுப்பினர் எந்த இந்துக் கோயிலுக்குள்ளும் நுழைந்து பிற இந்துக்களைப் போலவே வழிபட உரிமையுடையர் என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் அங்கே நிற்கும் துணைவினை ‘ஷல்’. அறங்காவலரின் கருத்தைப் பற்றிய பேச்சே அந்த உரிமையில் இல்லை. வாசலில் நின்றவர் வாக்கியத்தின் எழுவாயாகிவிட்டார்.

இக்காலச் சட்ட வரைவாளர்கள் இங்கே ‘ஷல்’ தேவையில்லை, உரிமை உண்டு என்று நிகழ்காலத்தில் சொன்னாலே போதும் என்பார்கள். இலக்கணப்படி அது சரியாகவே இருக்கலாம். எனினும் அச்சொல்லின் வேரில் கடன் என்ற பொருள் கிடப்பதை அறிந்த பின்னர், அதை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட எங்களுக்கு மனம் வரவில்லை. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவிலும் தீண்டாமையைக் கடைப்பிடிப்பது குற்றமாகும் என்னும் இடத்தில் ‘ஷல்’தான் வருகிறது. கடன், குற்றம் என்று ‘ஷுல்ட்’ சுமக்கும் இரு பொருளுக்கும் நம் சட்டத்தில் வேலை வந்துவிட்டது.

‘கேன்’ இன்னும் மிச்சமிருக்கிறது. மதுரைப் பக்கத்து மாணவர்களின் ஆங்கிலத்தில் ‘கேன் ஏபிள் டு’ என்ற தொடரை அடிக்கடி காணலாம். ‘முடியும்’ என்ற ஒரே சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் கிடைத்ததும் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறார்கள். ஆசிரியர்கள் சிவப்பு மையால் ஒன்றை அடிக்கிறார்கள். சட்டத்தின் ‘ஷல்’, ஊரின் ‘முடியும்’ ஆவதற்கு எத்தனை காலம் பிடிக்கும் என்பதற்கு உசிலம்பட்டி வட்டாரமே சான்று. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. யாரும் போட்டியிட முடியாமலும், போட்டியிட்டு வென்றவர் பதவியில் நீடிக்க முடியாமலும் பத்தாண்டுகள் கழிந்தன. 2006இல்தான் நிலைமை மாறியது.

அதே மதுரை மாவட்டத்தின் உத்தப்புரத்தில், சாதி மோதலுக்குப் பின் 1989இல் எழுப்பப்பட்ட சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டுப் பாதை திறந்தது. அங்குள்ள முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் 2011 நவம்பரில் காவல்துறைப் பாதுகாப்போடு சென்று வழிபட்டனர். ‘எந்த இந்துக் கோயிலுக்குள்ளும்’ என்று சட்டம் சொல்லி அப்போது 64 ஆண்டுகள் ஆகியிருந்தன.