கைப்பதிவுக் கணக்கு

வீட்டு வரவுசெலவுச் செயலியில் வங்கியோடு இணைக்காமல், பயனர் தாமே தொடங்கித் தாமே எழுதிவரும் கணக்கே கைப்பதிவுக் கணக்கு. சட்டைப்பை ரொக்கம், கைமாற்று, மளிகைக்கடைப் பாக்கி என வங்கியின் பார்வைக்கே வராத பணத்துக்கு இதுதான் உரிய இடம்.

செயலிகளுக்கு வெகுகாலம் முன்பே இம்முறை வேரூன்றிவிட்டது. தெற்குக் கொல்கத்தாவின் ஜாதவ்பூரிலும் வங்காளத்தின் மற்றக் கடைத்தெருக்களிலும், வங்காளப் புத்தாண்டான பொய்லா பொய்ஷாக் அன்று, அதாவது தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி, சிவப்புத் துணி அட்டையிட்ட புதுப் பேரேடு திறக்கப்படுகிறது. ஹால்காத்தா என்பது இவ்வழக்கத்தின் பெயர். காளிகாட் கோயிலில் வணிகர்கள் பேரேடும் கையுமாகக் காத்திருப்பார்கள். முதல் பக்கத்தில் குங்குமத்தால் சுவஸ்திகம் எழுதப்படும். வாடிக்கையாளர் வந்து பழைய பாக்கியைத் தீர்ப்பார், கடைக்காரர் இனிப்புப் பெட்டியும் நாள்காட்டியும் கொடுப்பார். தீராத தொகை புதுப் பேரேட்டில் ஏறும். முகலாயர் கால வரிவசூலில் பிறந்ததாகச் சொல்லப்படும் இவ்வழக்கத்தின் உயிர், நிலுவையைத் தொலையவிடாமல் முன்கொண்டு செல்வதில் இருக்கிறது.

ரங்கூனிலும் பினாங்கிலும் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் கைக்கணக்கு முறையை இன்னும் நுட்பமாக்கினர். அன்றாட வரவுசெலவு குறிப்பேட்டுக்கும், ஆள்வாரிக் கணக்கு பேரேட்டுக்கும் போயின. இரண்டையும் ஒத்துப்பார்த்து ஐந்தொகை கட்டினார்கள். ஜப்பானில் ஹானி மோட்டோகோ 1904இல் வெளியிட்ட காகெய்போ, குடும்பப் பெண்களின் கையில் கணக்கேட்டைக் கொடுத்தது.

செயலியில் தொடங்கும்போது முதலில் எழுதவேண்டியது தொடக்க இருப்பு. ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்றுள்ளதை எழுதினால் போதும், பழைய செலவுகளைத் தோண்ட வேண்டியதில்லை. ஜாதவ்பூர் பல்கலைக்கழக மாணவர் ஒருவரிடம் வங்கியில் 8,200 ரூபாய், கையில் 640 ரூபாய், கடைப் பாக்கி 350 ரூபாய் என்று கொண்டால், நிகர இருப்பு 8,490 ரூபாய். பாக்கிக்கும் கடன் அட்டைக்கும் தனிக் கணக்கு திறந்து கழித்தல் குறியோடு எழுத வேண்டும்.

ஏடிஎம்மில் எடுக்கும் 2,000 ரூபாய் செலவல்ல. வங்கிக் கணக்கிலிருந்து ரொக்கக் கணக்குக்கு மாற்றம். இதைச் செலவாக எழுதி, அந்தப் பணத்தில் ஜாதவ்பூர் 8பி பேருந்து நிலையத்தருகே குடித்த தேநீரையும் செலவாக எழுதினால் ஒரே பணம் இருமுறை கழியும். 2022இல் வந்த சில்லறைப் பணப்பையான யுபிஐ லைட்டுக்கும் தனிக் கணக்கு தேவை. அதில் பணம் ஏற்றியதை மட்டுமே வங்கிப் பாஸ்புக் காட்டும். அதிலிருந்து போகும் சில்லறைச் செலவுகள் அங்கே வரா.

வாரம் ஒருமுறை ரொக்கத்தை எண்ணிச் செயலியோடு ஒத்துப்பார்ப்பது அவசியம். வித்தியாசத்தைச் சரிக்கட்டல் பதிவாக எழுதலாம்.

2021 செப்டம்பர் முதல் கணக்குத் திரட்டிகள் வழியே வங்கி விவரங்கள் ஒப்புதலுடன் செயலிகளுக்குத் தாமாகவே வருகின்றன. ஆனால் அதை மட்டுமே நம்பியிருக்க முடியாது: தானியங்கி இணைப்பால் புகழ்பெற்ற அமெரிக்காவின் மின்ட் செயலி 2024இல் மூடப்பட்டது.