எல்லை நடந்து வந்த ஊர்

அரசன் எவ்வழி, அவ்வழி குடிகள் என்பது நம் முன்னோர் மொழி. ஆள்வோன் நல்லொழுக்கம் உடையவனாயின் குடிகளும் அவ்வாறே இருப்பர் என்று இதற்குப் பொருள் கூறுவர். நடுவண் அரசின் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு காலம் கழித்துவரும் எமக்கு இப்பழமொழி வேறொரு பொருளும் தருகிறது. அரசு எந்த மொழியில் கணக்கு எழுதுகிறதோ, அந்த மொழியில் குடிகள் விண்ணப்பம் எழுதுகிறார்கள். விண்ணப்பம் எழுதும் மொழியிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். வரலாற்று நூல்கள் பேரரசுகளின் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் விரித்துரைக்கின்றன. சமுதாயத்தை அரசு மாற்றியமைக்கும் இந்த அமைதியான வழியைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. எம் சொந்த ஊர்ப்பகுதியாகிய சத்தியவேட்டைக் கொண்டு அதனைச் சிறிது சொல்ல விழைகிறோம்.

சங்கக் கூட்டங்களில் புதிதாக அறிமுகமாகும் அன்பர்கள், "தமிழ்நாட்டில் எந்த ஊர்?" என்று கேட்பது வழக்கம். சத்தியவேடு என்போம். "அது ஆந்திரம் அல்லவா?" என்பார்கள். ஆம், ஆந்திரந்தான். ஊத்துக்கோட்டையிலிருந்து பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் வந்துவிடும் ஊர், ஆயினும் ஆந்திரம். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் யாம். எம் பாட்டனார் அப்படி எங்கும் சென்றவர் அல்லர். தம் வீட்டுத் திண்ணையை விட்டு நகராமலேயே 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று அவர் மாநிலம் மாறினார்.

இந்நிலம் பழைய தொண்டை மண்டலத்தைச் சேர்ந்தது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் வேங்கடத்தைத் தமிழ்கூறும் நிலத்தின் வட எல்லையாக வைத்தார். சத்தியவேடு அந்த வேங்கடத்துக்குத் தெற்கே அமைந்தது. பல்லவரும் சோழரும் இங்கே ஆண்டனர். முதலாம் இராசராசன் தன் ஆட்சியில் நிலம் அளப்பித்தான். தொண்டை மண்டலத்துக்குச் செயங்கொண்ட சோழமண்டலம் எனப் பெயரும் சூட்டினான். திருமலைக் கோயிற் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழிலேயே உள்ளன என்பது அறிஞர் பலரும் எடுத்துக்காட்டிய செய்தி. பின்னர் விசயநகரப் பேரரசு வந்தது. படைத்தலைவர்களோடு தெலுங்கு உழவர்களும் தெற்கு நோக்கி வந்து குடியேறினர். அருகிலுள்ள நாகலாபுரத்து வேதநாராயணர் கோயிலைக் கிருட்டிணதேவராயர் தம் அன்னையின் நினைவாக எழுப்பினார் என்பர். அதன் பின் இப்பகுதி இருமொழி நிலமாயிற்று. ஒரே தெருவில் தமிழ் பேசும் வீடும் தெலுங்கு பேசும் வீடும் அடுத்தடுத்து நின்றன. இரண்டும் பேசும் வீடுகளே மிகுதி. வீட்டில் ஒன்று, களத்துமேட்டில் ஒன்று என வாழ்ந்த மக்களை, "உம் மொழி எது?" என்று எந்த மன்னனும் கேட்டதாகத் தெரியவில்லை. மன்னர்களுக்கு வேண்டியது விளைச்சலில் பங்கு. அது எம்மொழியில் விளைந்தால் என்ன?

மொழியைக் கேட்கத் தொடங்கியது புதிய காலத்து அரசு. 1763-இல் ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியாருக்கு சாகீராக அளித்தார். பின்னர் அளவை, வரிவிதிப்பு, பதிவு, பத்தாண்டுக்கொரு மக்கட்கணக்கு என ஒவ்வொன்றாக வந்தன. மக்கட்கணக்குப் படிவத்தில் தாய்மொழிக்கென ஒரு கட்டம் அமைந்தது. அக்கட்டத்தில் இரண்டு மொழிகளை எழுத இயலாது. இருமொழியாளனும் ஒன்றைச் சொல்லியே தீரவேண்டும். அவ்வாறு சொன்னது ஒருநாள் எல்லைக்கல்லாக மாறும் என்று சொன்னவர்களுக்கும் தெரியாது, எழுதியவர்களுக்கும் தெரியாது.

1952 டிசம்பர் 15-இல் பொட்டி சிறீராமுலு உண்ணாநோன்பில் உயிர்நீத்தார். 1953 அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1911-இல் அமைக்கப்பட்ட சித்தூர் மாவட்டம், திருத்தணியையும் உள்ளடக்கி, ஆந்திரத்துக்குச் சென்றது. தமிழர் மிகுந்த பகுதிகளை மீட்க ம.பொ.சிவஞானம் அவர்களின் தமிழரசுக் கழகம் போராடியது. திருத்தணிப் பகுதியில் மங்கலங்கிழார், வழக்கறிஞர் கே.விநாயகம் முதலியோர் முன்னின்றனர். சிறை சென்றவர் பலர். உயிர் ஈந்தவரும் உண்டு. அப்போது எம் சத்தியவேடு சென்னை மாநிலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. வடக்கெல்லைப் போராட்டச் செய்திகளை எம் பாட்டனார் அயலூர்ச் செய்திபோலவே படித்திருப்பார்.

இரு மாநில அரசுகளும் உடன்பட்டு எச்.வி.படாசுகர் அவர்களை நடுவராக ஏற்றன. அவர் 1957-இல் தம் முடிவை அளித்தார். கிராமத்தை அலகாகக் கொள்ளவேண்டும். நிலத் தொடர்ச்சி இருக்கவேண்டும். பெரும்பான்மையோர் மொழியைப் பார்க்கவேண்டும் என்பவை அவர் கைக்கொண்ட நெறிகள். பிற்காலத்தில் வேறு மாநிலங்களின் எல்லை வழக்குகளிலும் 'படாசுகர் நெறி' என்று இது மேற்கோள் காட்டப்பட்டது. அலுவலகக் கண்ணோடு பார்த்தால் இது ஒரு செம்மையான முறையே. மாவட்டத்தையோ வட்டத்தையோ அலகாகக் கொண்டிருந்தால் அநீதி இன்னும் பெரிதாகியிருக்கும். சென்னையில் காமராசரும் ஆந்திரத்தில் சஞ்சீவ ரெட்டியும் முதலமைச்சர்களாக இருந்தபோது உடன்பாடு ஏற்பட்டது. நாடாளுமன்றம் 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதற்கு மாற்றாகச் செங்கற்பட்டு மாவட்டத்துப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் வடபகுதிக் கிராமங்களும், சேலம் மாவட்டத்துக் கிராமங்கள் சிலவும் ஆந்திரத்துக்குச் சென்றன. அவ்வாறு சென்ற செங்கற்பட்டுக் கிராமங்களைக் கொண்டு அமைந்ததே சத்தியவேடு வட்டம்.

திருத்தணி மீட்கப்பட்ட வரலாறு மேடைதோறும் பேசப்படுகிறது, பேசப்படவேண்டியதுந்தான். ஆனால் அதே சட்டத்தில் கொடுக்கப்பட்ட ஊர்களின் பெயர்களை அம்மேடைகளில் யாம் கேட்டதில்லை. இதில் எவரையும் குறைகூற யாம் முன்வரவில்லை. கொடுக்கப்பட்ட கிராமங்கள் பலவற்றில் தெலுங்கர் பெரும்பான்மையினர் என்பதை மறைப்பது நேர்மையாகாது. எனினும் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் ஒரு மொழியினர் என்றால், எஞ்சிய நாற்பத்தைந்து பேர் அன்று மாலையே சிறுபான்மையினர் ஆகிறார்கள். கோடு எங்கே விழுந்தாலும் யாரேனும் ஒருவருடைய முற்றத்தில்தான் விழும்.

அந்த மக்களை நேரே கேட்டிருக்க முடியாதா என்று சிலர் வினவலாம். நம் அரசியலமைப்பின் மூன்றாம் விதி மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்கச் சொல்கிறதேயன்றி, அவ்வூர் மக்களின் வாக்கை வேண்டவில்லை. கேட்ட நாடுகளும் உண்டு. முதல் உலகப் போருக்குப் பின், டென்மார்க்குக்கும் செருமனிக்கும் இடைப்பட்ட சிலெசுவிக்குப் பகுதியில் 1920-இல் வாக்கெடுப்பு நடந்தது. வடபகுதியினர் நூற்றுக்கு 75 பேர் டென்மார்க்கையும், அடுத்த பகுதியினர் நூற்றுக்கு 80 பேர் செருமனியையும் விரும்பினர். அதன்படியே எல்லை அமைந்தது. அங்கும் இருபுறத்திலும் சிறுபான்மையினர் எஞ்சவே செய்தனர். 1955-இல் இரு அரசுகளும் தத்தம் அறிக்கைகளில் ஒன்றை ஒப்புக்கொண்டன: ஒருவன் தன்னை எந்த இனத்தவன் என்று சொல்லிக்கொள்கிறானோ அதுவே முடிவு, அதனை எந்த அதிகாரியும் சோதித்தறியக் கூடாது. எம்மைப் போன்ற எழுத்தர்களுக்கு இது வியப்பூட்டும் செய்தி. சான்றிதழ் கேளாமல் ஒருவன் சொல்லை அப்படியே ஏற்கும் அரசை யாம் கனவிலும் கண்டதில்லை.

சத்தியவேட்டில் 1960 ஏப்ரல் இரண்டாம் நாள் எதுவும் மாறிவிடவில்லை. அதே ஆரணியாறு, அதே சந்தை, அதே கூழ். மாற்றம் பெட்டிக்குள் நிகழ்ந்தது. எம் வீட்டுத் தகரப்பெட்டியில் இரண்டு பத்திரங்கள் உள்ளன. 1952-இல் பாட்டனார் வாங்கிய புஞ்சையின் கிரயப் பத்திரம் தமிழில் இருக்கிறது. அதே புஞ்சைக்குத் தந்தையாரும் சிற்றப்பாவும் 1974-இல் செய்துகொண்ட பாகப் பத்திரம் தெலுங்கில் இருக்கிறது. நிலமும் ஒன்று, கிணறும் ஒன்று. கிழக்கே ஓடை, மேற்கே பாட்டை என்னும் செக்குபந்தியும் ஒன்றே. முதற்பத்திரத்தில் அழகிய கையெழுத்திட்ட பாட்டனார், இரண்டாவதில் சாட்சியாக இடதுகைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறார். படிக்கத் தெரியாத எழுத்தின் கீழ்க் கையெழுத்திட மனம் வரவில்லை என்று பின்னாளில் கூறினாராம். இருபத்திரண்டு ஆண்டுகளில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் தற்குறியானார். அவரை அவ்வாறு ஆக்கியவர் எவருமில்லை.

இடையில் ஒரு வேடிக்கையும் சொல்லவேண்டும். ஆந்திரத்துக் கிராமப் பயிர்க்கணக்குக்குத் தெலுங்கிலும் 'அடங்கல்' என்றே பெயர். பழைய சென்னை ஆட்சியின் தமிழ்ச்சொல் தெலுங்கு ஏட்டின் தலைப்பில் நிலைத்துவிட்டது. சோழர் காலத்தில் 'மண்டலம்' என்றால் நாட்டின் பெரும்பிரிவு. என்.டி.ராமராவ் அரசு 1985-இல் வட்டங்களைப் பிரித்து அமைத்த சிறு ஆட்சிப் பிரிவுக்கும் 'மண்டலம்' என்றே பெயர். தொண்டை மண்டலத்தில் ஒரு மூலையாக இருந்த எம் ஊர், இவ்வாறு தானே ஒரு மண்டலம் ஆயிற்று! பரம்பரைக் கர்ணம் பதவியை 1984-இல் அவ்வரசு ஒழித்தது. எல்லைக்கு அப்பால் எம்.ஜி.ஆர். அரசு 1980-இலேயே பரம்பரைக் கணக்குப்பிள்ளை முறையை ஒழித்திருந்தது. எல்லையின் இருபுறமும் வேறுவேறு அரசுகள் ஒரே வேலையை முன்பின்னாகச் செய்திருக்கின்றன.

பள்ளிக்கு வருவோம். மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யவேண்டும் என்று 1956-இல் அரசியலமைப்பில் 350அ என்னும் விதி சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே, 1949-இல் கூடிய மாகாணக் கல்வியமைச்சர்கள் மாநாடு ஓர் அளவு வகுத்திருந்தது: பள்ளியில் 40 பேர், அல்லது வகுப்பில் 10 பேர் இருந்தால் ஆசிரியர் தரப்படவேண்டும். நல்ல விதிதான். 1986-இல் எம்மை முதல் வகுப்பில் சேர்க்கும் நாள் வந்தது. தந்தையார் தமிழ்ப் பற்று மிக்கவர். ஆயினும் மாவட்டத் தலைநகரில் வேலைக்கு விண்ணப்பித்துத் தெலுங்கு எழுதத் தெரியாமையால் திரும்பியவர். அவர் எம்மைத் தெலுங்கு வகுப்பில் சேர்த்தார். அவ்வாண்டு தமிழ் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்களாம். யாம் சேர்ந்திருந்தால் பத்து. தமிழாசிரியர் ஓய்வுபெற்றபின் அவ்விடம் நிரப்பப்படவில்லை. தந்தையாரை யாம் குறைசொன்னதில்லை. ஆனால் அந்த ஒன்பது பேரில் ஒருவரை ஊரில் காணும்போதெல்லாம் எம் பார்வை நிலத்தை நோக்குகிறது. எமக்குத் தமிழெழுத்துக் கற்பித்தது அந்த 1952-ஆம் ஆண்டுப் பத்திரம். பாட்டனார் அதைத் திண்ணையில் விரித்து வைத்து, 'புஞ்சை' என்பதில் தொடங்கிச் சொல்லிக்கொடுத்தார்.

மத்தியப் பாடத்திட்டத்தில் பயிலும் நம் பிள்ளைகள் பலர், அல்போன்சு தோதே எழுதிய 'கடைசிப் பாடம்' என்னும் கதையை ஆங்கிலப் பாடநூலில் படித்திருப்பர். 1871-இல் அல்சாசு பகுதியைச் செருமனி கைக்கொண்டபின் பிரெஞ்சுப் பாடம் நிறுத்தப்படும் துயரத்தைக் கூறும் கதை. அக்கதை சொல்லாத ஒன்றுண்டு. அல்சாசுக் குழந்தைகளில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது செருமன் இனத்து வட்டார வழக்கு. பிரெஞ்சும் அவர்களுக்கு ஓர் அரசின் மொழியாகவே வந்தது. முதல் உலகப் போரின் முடிவில் பிரான்சு, 1940-இல் செருமனி, 1945-இல் மீண்டும் பிரான்சு என அப்பகுதி கைமாறிற்று. பாடநூலும் அவ்வாறே மாறிற்று. வீட்டு வழக்கு மெல்லத் தேய்ந்தது.

எல்லைக்கு இப்பால் உள்ள தெலுங்கர் நிலையையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். திருத்தணி, ஓசூர்ப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கு பேசுவோர் பல்லாயிரவர் உள்ளனர். 2006-இல் தமிழ்நாடு அரசு தமிழைக் கட்டாயப் பாடமாக்கியபோது, சிறுபான்மை மொழிப் பெற்றோர் விலக்குக் கேட்டு நீதிமன்றம் சென்றனர். அச்சட்டத்தை மகிழ்ந்து வரவேற்ற எம் நண்பர் ஒருவர், சத்தியவேட்டில் தமிழ்ப்பள்ளி இல்லையென்று எம்மோடு சேர்ந்து வருந்தவும் செய்தார். அவரிடம் யாம் வாதிடவில்லை. எமக்கும் இரு மனம் உண்டு. 2019-இல் ஆந்திர அரசு அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்ற ஆணையிட்டது. 2020-இல் உயர்நீதிமன்றம் அதனை நீக்கியது. அந்நாளில் எம் ஊர்த் தெலுங்கு நண்பர்கள் பேசியது எம் பாட்டனாரின் பேச்சாகவே எம் காதில் விழுந்தது.

இன்று அப்பகுதியின் தோற்றம் வேறு. 2008-இல் தொடங்கிய சிறீசிட்டி தொழில் நகரம் சத்தியவேடு, வரதையபாளையம் மண்டலங்களின் வயல்களை ஆலைகளாக்கிவிட்டது. வடநாட்டுத் தொழிலாளர் வருகையால் கடைத்தெருவில் இந்தியும் கேட்கிறது. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது எம் ஊர் மீண்டும் மாவட்டம் மாறியது. செங்கற்பட்டில் பிறந்து, சித்தூரில் வளர்ந்து, திருப்பதியில் முதுமை எய்தியவர்கள் அங்கே பலர். ஒருவரும் வீடு மாற்றவில்லை.

2011 மக்கட்கணக்கின்போது யாம் விடுப்பில் ஊரில் இருந்தோம். கணக்கெடுக்க வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர், தெலுங்கர். எம் பாட்டியாரிடம் தமிழிலேயே, "அவ்வா, உங்க தாய்மொழி?" என்று கேட்டார். பாட்டியார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "என் தாய் பேசினது தமிழ். என் பேரன் பெண்டாட்டி பிள்ளைகளோட வெளியூர்ல இருக்கான். அவங்க பேசறது எதுன்னு அங்க போய்க் கேளு" என்றார். ஆசிரியர் எம்மை நோக்கிப் புன்னகைத்தார். பின்னர்த் தெலுங்கெழுத்தில் 'தமிளம்' என்று கட்டத்தில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் சென்றார்.