கத்திக்கு முந்திய ஊசி

தோலுக்குள் சீழ் கட்ட எத்தனை கிருமி வேண்டும்? 1957இல் இங்கிலாந்தில் எலெக், கோனன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தாமாக முன்வந்தவர்களின் தோலிலேயே இதை அளந்து பார்த்தார்கள். ஸ்டெஃபிலோகொக்கஸ் கிருமியைத் தனியே ஏற்றியபோது பல இலட்சம் தேவைப்பட்டது. அதே கிருமி ஒட்டிய பட்டுநூலால் ஒரு தையல் போட்டதும் சில நூறே போதுமாயிற்று. வெறும் நூலுக்கே இந்த நிலை.

அடுத்த கேள்வி, தடுப்பு மருந்தை எந்த நேரத்தில் கொடுப்பது என்பது. 1961இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் பேர்க், கினிப்பன்றிகளுக்கு வெவ்வேறு நேரங்களில் அன்டிபயோட்டிக் மருந்தேற்றிப் பார்த்தார். கிருமி நுழையும் முன்பே மருந்து இரத்தத்தில் இருந்தால் புண் பழுக்கவில்லை. மூன்று மணி நேரம் பிந்திக் கொடுத்த மருந்தால் ஒரு பயனும் இல்லை. அதுவரை ஒப்பரேசன் முடிந்தபின் நாட்கணக்கில் ஊசி போடுவதுதான் பெருவழக்கம். மருந்து முந்த வேண்டும் என்பது மனிதரிலும் உண்மையென்பதை 1992இல் சோல்ட் லேக் சிட்டி ஆய்வு 2,847 நோயாளிகளைக் கொண்டு காட்டியது. வெட்டுக்கு முந்திய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 வீதத்தினருக்கே புண்ணில் கிருமி தொற்றியது. வெட்டி மூன்று மணி நேரத்துக்கும் மேல் பிந்திப் பெற்றவர்களில் 3.3 வீதம்.

நூலுக்குச் சொன்னது உடலுக்குள் வைக்கும் கருவிக்கும் பொருந்தும். இதற்கிடையே 1967இல் அமெரிக்க மருத்துவர் நோர்மன் ஷீலி முள்ளந்தண்டருகே மின்முனை வைத்து நோவைத் தணிக்கும் கருவியை முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார். கரைவலை இழுத்தும் வயலில் குனிந்தும் நாரி தளர்ந்தவர்களை எங்கட பாலமுனையில் எங்கும் காணலாம். வருடக்கணக்கான நோ ஒரு மனுசனை என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மாத்திரைக்கும் அடங்காத நரம்பு நோவுக்குத்தான் இந்தக் கருவி. ஆனால் பற்றரியிலும் கம்பியிலும் இரத்தம் ஓடுவதில்லை. அங்கே ஒட்டிய கிருமி வழுவழுப்பான படலம் கட்டி உள்ளே ஒளிந்துகொள்கிறது, மருந்து எட்டுவதில்லை. பெரும்பாலும் கருவியையே கழற்ற வேண்டிவரும், கழற்றினால் பழைய நோ திரும்பிவிடும். அதனால்தான் பேர்க்கின் நேரக்கணக்கு இங்கே இவ்வளவு பெறுமதியாகிறது.

முழங்கால் மாற்றினாலும், முறிந்த எலும்புக்குத் தகடு வைத்தாலும் கணக்கு இதேதான். ஒப்பரேசன் முடிந்தபின் தடுப்புக்கென்று அன்டிபயோட்டிக்கைத் தொடர வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டி. எங்கட ஆட்களுக்கு இதுதான் ஏற்கக் கடினம், "இன்னும் நாலு நாளைக்குத் தாங்க டொக்டர்" என்று கேட்காமல் மனம் ஆறாது. அதைவிட ஒப்பரேசனுக்கு முன்னதாகவே சீனி வருத்தத்தைக் கட்டுப்பாட்டில் வைப்பதும், வீட்டில் பிளேட்டால் மயிர் மழிக்காமல் போவதும், பென்சிலின் ஒத்துக்கொள்ளாவிட்டால் முதலிலேயே சொல்வதும் பெரிய உதவி. பிறகு தையலடியில் சிவந்தாலோ நீர் கசிந்தாலோ, பாமசியில் குளிசை வாங்கி விழுங்காமல், கருவி வைத்த வைத்தியரிடமே உடனே காட்ட வேண்டும்.