கருக்கலைப்பு: “சரி” சொல்ற அதிகாரம் யாருக்கு?

“இந்தியாவுல அபார்ஷன் சட்டப்படி சரியா, தப்பா?” நம்ம லிசனர் ஒருத்தர் கேட்டிருந்தாங்க. பதில்: ரெண்டும்தான்.

எங்க பென்னாகரம் பக்கம் கேட்டா “குத்தம்”னுதான் நிறைய பேர் சொல்லுவாங்க. தர்மபுரி மாவட்டத்துல பெண் சிசுக்கொலை நடந்த வரலாறு அப்படி. ஸ்கேன் சென்டர் வாசல்லயே “பாலினம் சொல்வது குற்றம்”னு போர்டு இருக்கும். ஆனா அது 1994-ல் வந்த வேற சட்டம்.

கருக்கலைப்புக் கதை 1860-ல் தொடங்குது. இந்திய தண்டனைச் சட்டம் 312-வது பிரிவுப்படி, உயிரைக் காப்பாத்த மட்டும்தான் கலைக்கலாம். மத்தபடி கலைக்கிறவங்களுக்கும் தண்டனை, அந்தப் பெண்ணுக்கும் தண்டனை. ரகசியமா அரைகுறை ஆட்கள்கிட்ட போய்ப் பெண்கள் செத்துப்போனாங்க. அதனால 1964-ல் அரசு சாந்திலால் ஷா தலைமையில ஒரு குழு போட்டுச்சு. 1966-ல் அறிக்கை வந்துச்சு. 1971-ல் சட்டம் ஆச்சு.

இங்கதான் சட்டம் போட்டவங்க மனசு தெரியுது. மசோதா சொன்ன காரணங்கள் மூணு: பெண்ணோட உடல்நலம், மனிதாபிமானம், ஊனத்தோட குழந்தை பிறக்கிற வாய்ப்பு. பெண்ணோட உரிமைங்கிறது அந்த லிஸ்ட்லயே இல்லை. கருத்தடை தோத்துப்போனா கலைக்கலாம்னாங்க, அதுவும் கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும்.

கோடிங் பாஷையில சொன்னா, டீஃபால்ட் செட்டிங் “குற்றம்”. டாக்டர் சம்மதிச்சா விதிவிலக்கு. பெர்மிஷன் யூசர் கையில இல்லை, அட்மின் கையில.

2021 திருத்தத்துல “கணவர்”ங்கிறது “இணையர்” ஆச்சு. சில பிரிவினருக்கு 20 வார வரம்பு 24 ஆச்சு. 2022 ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோ தீர்ப்பை ரத்து பண்ணுச்சு. அதே வருஷம் செப்டம்பர் 29-ல் நம்ம உச்ச நீதிமன்றம், கல்யாணம் ஆகாதவங்களுக்கும் அந்த 24 வாரம் உண்டுன்னு சொல்லுச்சு. எல்லாரும் பெருமைப்பட்டோம். ஆனா 2024 ஜூலையில வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல பழைய 312 அப்படியே 88-வது பிரிவா உட்கார்ந்திருக்கு.

18 வயசு தாண்டின பெண்ணுக்கு அவங்க சம்மதம் மட்டும் போதும், புருஷன் கையெழுத்து வேண்டாம்னு சட்டம் சொல்லுது. ஆனா கேஸுக்குப் பயந்த ஒரு டாக்டர் “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா”ன்னு திருப்பி அனுப்பினா? பென்னாகரத்துப் பெண் அடுத்து தர்மபுரிக்குத்தான் பஸ் ஏறணும். வாரக் கணக்கு அதுவரைக்கும் நிக்காது.

அதனால இதைத் தெரிஞ்சவங்க, தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க. கையெழுத்து அவங்களோடது மட்டும் போதும்.