கரிக் கணக்கு

காலனியம் என்றால் நமக்குக் கப்பல், மிளகு, கோட்டை. நம் சரித்திரப் பிரக்ஞை கடற்கரையோடு நின்றுவிடுகிறது. வடக்கனந்தலில் இருந்து பார்த்தால் வேறு விதமாகப் படுகிறது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கோமுகி, மணிமுக்தாவில் கலந்து, வெள்ளாற்றோடு பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. பரங்கியைப் பெயரிலேயே சுமக்கும் அந்தத் துறையில் 1830-ல் ஜோசியா மார்ஷல் ஹீத், கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, இரும்பாலை வைத்தார். தாது சேலத்திலிருந்து வந்தது. கரி தென்னார்க்காடு, சேலம் காடுகளிலிருந்து. வார்ப்பிரும்பு ஷெஃபீல்டுக்குப் போயிற்று.

சேலத்தில் பரம்பரையாக இரும்பு உருக்கியவர்களும் கரியைத்தான் எரித்தார்கள். அவர்களுடைய மண் உலை சிறியது. அதன் பசியும் சிறியது. ஹீத்தின் ஊதுலைக்குப் பசி அடங்கவில்லை. பக்கத்துக் காடு தீரத் தீரக் கரி தூரமாயிற்று, விலை ஏறிற்று. கம்பெனி கடன் கொடுத்தும் ஆலை தேறவில்லை. பின்னால் வேறு கைக்கு மாறி, நூற்றாண்டு முடியுமுன் அணைந்தது.

1839-ல் எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு ஹீத் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு முதலாளிகள் அதற்குக் குறுக்குவழி கண்டு லாபம் பார்த்தார்கள். வழக்காடி ஓய்ந்து 1851-ல் இறந்தார். அவருக்காக வருந்தலாம். அவர் நஷ்டத்துக்கு வழக்குக் கட்டு இருக்கிறது. மரத்துக்கு?

பேரேட்டில் கரி செலவு, இரும்பு வரவு. காடு எந்தப் பத்தியிலும் இல்லை. முதலை அழித்துவிட்டு அதைச் செலவென்று எழுதிய கணக்கு இது. காலனிய வியாபாரத்தை எழுத வருகிறவன் கப்பலிலிருந்து அல்ல, இந்த விடுபட்ட பத்தியிலிருந்து தொடங்க வேண்டும்.